ஆள் உயரக் கப்பல்

நான் செய்கிற எல்லாமே பிரித்துப் பூட்டுகிற பொருள்கள். மணவறையைப் பார்ப்பவர்கள் அது அந்த மண்டபத்திலேயே முளைத்து நிற்பதுபோல நினைத்துக்கொள்வார்கள். முகூர்த்தம் முடிந்து பந்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே நாங்கள் பின்பக்கமாகப் போய் அதைக் கழற்றத் தொடங்கிவிடுவோம். தூண்கள் தனி, வளைவு தனி, மேலே கோபுரம் நான்கு துண்டு, மயிலுக்குத் தோகை தனி, கழுத்து தனி. மறுநாள் அதே மணவறை வேறு ஊரில் வேறு சோடிக்கு நிற்கும். இணைப்பு எங்கே இருக்கிறது என்று முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியக் கூடாது. ஜரிகை ஒட்டியோ, பூச்சரம் தொங்கவிட்டோ, ஒரு கோடு இழுத்தோ அதை மறைத்துவிட வேண்டும். எங்கள் வேலையில் பாதி இந்த மறைப்புதான்.

விழுப்புரம் தனி மாவட்டமான 1993ஆம் வருடம், வல்லம் பக்கத்து ஊரிலிருந்து ஐந்தாம் வகுப்புப் படிப்போடு விழுப்புரத்தில் இந்த மணவறைக் கடைக்கு வேலைக்கு வந்தேன். ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் நீளமான தகரக் கொட்டகை. அதில்தான் மணவறைகள் துண்டு துண்டாக அடுக்கிக் கிடக்கும். கூட்டத்தைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். யாராவது பத்துப் பேர் முன்னால் என்னைக் கூப்பிட்டாலே காது சூடாகிவிடும். இந்த வேலை எனக்குப் பொருந்திப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். மேடைக்கு முன்னால் எவ்வளவு சனம் இருந்தாலும் என் இடம் மேடையின் முதுகுப் பக்கம். "உன்னைக் கூட்டிகினு போறதுக்கு ஒரு தூணைக் கூட்டிகினு போலாம்டா, அதாவது காத்தடிச்சா சத்தம் போடும்" என்பார் முதலாளி.

அந்த வருடமே எனக்குக் கல்யாணம் ஆனது. மனைவியின் ஊர் திண்டிவனத்துக்குப் பக்கம், ஏரிக்கரைக்கு அந்தப்புறம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள் என்பதால் வீட்டில் எனக்குக் கஷ்டம் இருந்ததில்லை. ஒரே பிள்ளை. பேச்சில் என்னைக் கொண்டான், துணிச்சலில் அவளைக் கொண்டான். பன்னிரண்டாவது முடித்ததும் கடற்படைக்கு எழுதிப் போட்டுத் தேர்வாகிப் போய்விட்டான். ஆள் எடுக்கும்போது அளந்த உயரம் நூற்றெழுபது சென்டிமீட்டர். அந்த எண் அவள் வாயில் பல நாள் இருந்தது. கீரைக்காரியிடம்கூடச் சொன்னாள்.

பயிற்சி முடிந்து அவனைப் போர்க்கப்பலில் ஏற்றினார்கள். கப்பலைப் படம் எடுத்து அனுப்பக் கூடாது என்று சொல்லியிருந்தான். லீவில் வந்தபோது ஒரு காலண்டர் கொண்டுவந்தான். அதில் இருந்தது அவன் கப்பல் இல்லை, அதே வகைக் கப்பல். "இதே மாரிதாம்மா" என்றான். அந்தத் தாளை அவள் சாமி படங்களுக்கு நடுவில் மாட்டினாள்.

தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் போன் செய்தான். "கடலுக்குப் போறோம்மா. கொஞ்ச நாளைக்கு போன் வராது. பயப்படாத." அவ்வளவுதான். கார்த்திகை பிறந்தது. டிவியில் தினமும் கடலின் மேல் வெள்ளைச் சுழி ஒன்றைக் காட்டி, இங்கே மையம் கொண்டிருக்கிறது, அங்கே நகர்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவன் எந்தக் கடலில் இருக்கிறான் என்றே எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் அவள் டிவியை அணைக்க மாட்டாள். சுழி கரையேறிக் கலைந்த பிறகும் போன் வரவில்லை. போன் தலைமாட்டில் கிடந்து கிடந்து அதன் சத்தம் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோனது.

அந்தச் சமயத்தில் அவள் தாய்வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தாள். வந்து உட்கார்ந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த மல்லாட்டையை உடைத்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க ஊரு ஆத்தாளுக்கு வேண்டிக்கினு வந்துட்டேன்."

"இன்னா வேண்டிக்கின?"

"புள்ளை உசரத்துக்கு ஒரு கப்பலு. அவன் கப்பலு மாரியே. தைப்பூசத்துத் தெப்பத்துல ஆத்தா பின்னாடியே உட்டு மூணு சுத்து சுத்தி வர்றதா."

"யாரு செய்யிறது?"

"நீங்கதான். வேற யாரு?"

"அவன் வந்ததுக்கு அப்பாலயா?"

"முன்னாடி. கொளத்துல இது மெதந்தா கடல்ல அது மெதக்கும். அப்பிடித்தான் வேண்டிக்கினேன்." ஒரு கொட்டையை உடைத்து என் கையில் வைத்தாள். "தனியா வண்டி கிண்டி வெச்சு ஏத்திகினு வரக் கூடாது. பஸ்ஸுல போனாலும் நம்ம கையாலயே தூக்கிகினு போவணும்."

கொட்டை என் கையிலேயே இருந்தது. இருபது வருடத்தில் நான் செய்த எதுவும் தண்ணீரில் நின்றதில்லை. மழை பெய்தால் தார்ப்பாய் போட்டு மூடுகிற பொருள்கள்தான் எங்களுடையவை. மூழ்கினால் என்ன என்று நான் அவளைக் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபோது, அதை அவளும் தன்னையே கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

மார்கழியில் கல்யாணம் கிடையாது. எங்களுக்கு வேலையும் கிடையாது. கிழிந்ததைத் தைத்து, உடைந்த மயில் மூக்கை ஒட்டி, வண்ணம் பூசிக்கொண்டிருக்கிற மாதம். முதலாளியிடம் விஷயத்தைச் சொல்ல நான் தடுமாறியதைப் பார்த்து, நான் வேலையை விட்டுப் போகிறேன் என்று நினைத்துவிட்டார். கப்பல் என்றதும் சிரித்தார். பிறகு, "மூலையில எடம் இருக்குது, செஞ்சிக்க" என்றார்.

ஆள் நீளக் கப்பலை பஸ்ஸில் ஏற்ற முடியாது. தலையில் வைத்துக்கொண்டு படி ஏறவும் முடியாது. அதனால் முதல் நாளே மூன்று துண்டு என்று முடிவு செய்துவிட்டேன். முன் துண்டு, நடுத் துண்டு, பின் துண்டு. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. நாங்கள் செய்கிற பொருள் பிரியும் என்பது எங்களுக்குச் சொல்ல வேண்டிய சேதியாகவே தோன்றாது.

உள்ளே மரச்சட்டம், மேலே மெல்லிய ப்ளைவுட், அதன்மேல் யானைப் பொம்மைகளுக்குப் போடுகிற பைபர் பூச்சு. துண்டுகள் சேருகிற வாய்களில் கனமான சட்டம் வைத்துத் துளை போட்டேன். மேல்தட்டைத் தூக்கிவிட்டு, உள்ளே கைவிட்டு போல்ட் முடுக்க வேண்டும். அதனால் வாய்களை அடைக்க முடியவில்லை. மூன்று துண்டும் சேர்ந்தால் உள்ளே ஒரே குழிதான். சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் லாரி ட்யூபை வளையமாக வெட்டி வைத்தேன். ரப்பர் நசுங்கினால் தண்ணீர் வராது என்பது என் கணக்கு.

வாழைமரமும் இலைக்கட்டும் நனைத்து வைக்கிற நீளமான சிமெண்ட் தொட்டி ஒன்று கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. அதில் விட்டேன். விட்ட மாத்திரத்தில் கப்பல் அசிங்கமாகக் கவிழ்ந்து வயிற்றைக் காட்டியது. சுற்றி யாரும் இல்லை. ஆனாலும் பயத்தில் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன். இவள் பார்த்திருந்தால்? அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டேன். அடுத்த நாள் அடிவயிற்றில் மணல் பைகளைப் பரப்பினேன். நிமிர்ந்து நின்றது. பிறகு இணைப்பில் கசிந்தது. உள்ளே செய்தித்தாளை விரித்து வைத்து, கப்பலைத் தண்ணீரில் விட்டு, பீடி குடித்துவிட்டு வந்து தாளை எடுத்துப் பார்ப்பேன். எந்த ஓரம் நனைந்திருக்கிறதோ அந்த ஓரத்துச் சட்டத்தை மறுபடி இழைப்பேன். மார்கழி முடிகிற சமயத்தில் ஒருநாள் தாள் மொரமொரவென்று காய்ந்தபடியே வெளியே வந்தது. நம்பாமல் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.

பழைய டிவி ஆண்டெனாக் குழாய் பீரங்கியாயிற்று. டீ வடிகட்டி ரேடாராயிற்று. எங்கள் கடையில் தங்க வண்ணம் உண்டு, அரக்கு உண்டு, மயில்கழுத்து நீலம் உண்டு. போர்க்கப்பல் சாம்பல் கிடையாது. கல்யாணத்தில் அந்த நிறத்தை யார் கேட்பார்கள்? வெள்ளையில் கறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கிக் காலண்டர் நிறத்துக்குக் கொண்டுவந்தேன். இணைப்புக் கோடுகள் இரண்டும் தெரிந்தன. பழக்கப்படி அவற்றின் மேல் கறுப்புப் பட்டை இழுத்து மறைத்தேன். அழகாகவே இருந்தது. பட்டைக்குக் கீழே அது பிரியும் என்று யாரும் சொல்ல முடியாது.

அவளும் சொல்லவில்லை.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் நான் ஒரு மண்டபத்துக்கு வேலைக்குப் போயிருந்தபோது அவள் கொட்டகைக்கு வந்து கப்பலுக்குப் பூசை போட்டிருக்கிறாள். மறுநாள் விடிந்ததும் இருவரும் கொட்டகைக்குப் போனோம். பெரிய முகூர்த்த நாள். ஆட்களும் வண்டிகளும் அதற்கு முன்பே கிளம்பிப் போயிருந்தார்கள். நான் மேல்தட்டைத் தூக்கி, உள்ளே கைவிட்டு, பின்பக்க போல்ட்டுகளைக் கழற்றினேன். பின் துண்டு என் கையோடு வந்தது.

"இன்னா பண்றீங்க?"

"பிரிச்சாத்தானே பஸ்ஸுல ஏத்த முடியும்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பின் துண்டின் திறந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினி துண்டு?"

"மூணு."

"என் புள்ளை உசரத்துக்கு செய்யச் சொன்னா, என் புள்ளைய மூணு துண்டு போட்டு வெச்சிருக்கியேய்யா!"

கல்யாணமாகி அவள் என்னை ஒருமையில் பேசியது அன்றுதான். அப்போதுதான் முன்பக்க இணைப்பைப் பார்த்தேன். கறுப்புப் பட்டையின் மேலே சுற்றி, மஞ்சள் நனைத்த கயிறு இறுகக் கட்டியிருந்தது. கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கு.

"இது இன்னா?"

"காப்பு. நேத்து கட்டினேன். அரைஞாண் கட்டற மாரி நீங்களே கோடு போட்டு வெச்சிருந்தீங்க, அது மேலயே கட்டினேன்." குரல் இறங்கியிருந்தது. "தண்ணி படறதுக்கு முன்னாடி அதை அவுக்கக் கூடாது. அறுக்கவும் கூடாது."

அந்தக் கயிறு இருக்கிறவரை முன் துண்டு பிரியாது. முன் துண்டு பிரியாமல் கப்பல் பஸ் ஏறாது. பூசாரி உச்சிக்கால பூசைக்குள் கப்பல் கோயிலில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அவள் எழுந்து வந்து கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். முடிச்சு ஊறி இறுகிப்போயிருந்தது. அவிழ்ப்பதாக இருந்தாலும் அவிழாது.

கப்பல் முன்பக்கம் போகப்போகக் குறுகுகிறது. கயிற்றை மூக்குப் பக்கமாக உருட்டிக்கொண்டு போனால் தளர்ந்து முன் துண்டின் மேலேயே போய்விடும். இதை அவளுக்குச் சொல்ல வாய் வராமல், சாமி விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயை எடுத்துவந்து பட்டையைச் சுற்றித் தடவினேன். இரண்டு கட்டை விரலால் ஒரு பக்கம் ஒரு நெல் அளவு, பிறகு மறு பக்கம் ஒரு நெல் அளவு என்று கயிற்றை உருட்டினேன். ஒரு இடத்தில் இழை ஒன்று தெறித்துப் பிரிந்தது. அவள் மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. கையை எடுத்துவிட்டேன்.

"நீ உருட்டு" என்றேன்.

அவள் விரல் சின்னது. கயிறு அறுந்தால் அது என் கையால் வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவள் முணுமுணுத்தபடியே உருட்டினாள். மெல்ல மெல்லக் கயிறு பட்டையைத் தாண்டி, முன் துண்டின் சரிவில் ஏறி, தொளதொளவென்று நின்றது. அறுந்துபோகவில்லை. நான் போல்ட்டுகளைக் கழற்றினேன். முன் துண்டை என்னிடமிருந்து வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு அதை இறக்கவே இல்லை.

பஸ்ஸில் நடுத் துண்டை என் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். பின் துண்டும் மணல் பைகளும் சாக்கில். கண்டக்டர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணே இது, வெடி கிடி இல்லியே?"

என் காது சூடாகிவிட்டது. அவள்தான் சொன்னாள். "கப்பலு."

"கப்பலா? அப்ப எதுக்கு டிக்கெட்டு? ஏரில உட்டு அப்பிடியே ஓட்டிகினு போறது?"

பஸ்ஸே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. விக்கிரவாண்டி தாண்டியதும் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"மறுபடி பூட்டினா சேருமா?"

"சேரும்."

"தண்ணி பூராதே?"

"பூராது."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லின் கனம் தெரிந்தது. தண்ணீர் புகாது என்று ஒரு தாளை வைத்துச் சொன்னவன் நான். அவள் அதை எங்கேயோ நடுக்கடலில் கொண்டுபோய் வைத்துக் கேட்டுக்கொண்டாள்.

திண்டிவனத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, ஏரிக்கரைமேல் நடந்து கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். நினைத்ததைவிட நேரமாகிவிட்டது. குளம் நிறைந்திருந்தது. இரும்பு ட்ரம்களை மூங்கிலில் கட்டி, மேலே பலகை அடித்து, வாழைமரமும் சீரியல் பல்புமாகத் தெப்பம் கரையில் நின்றது. வேப்பமரத்தடியில் சாக்கை அவிழ்த்தேன். ஒவ்வொரு துண்டாக எடுத்து வைக்க வைக்கச் சனம் கூடியது. எனக்கு முன்னால் மேடை இல்லை, முதுகுப் பக்கம் என்று ஒன்றும் இல்லை. நாலா பக்கமும் முகங்கள். மனைவியின் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"வாங்க மாப்ள! இன்னா, கப்பலை பார்ட்டு பார்ட்டா கழட்டிகினு வந்துட்டீங்க? பேரிச்சம்பழத்துக்குப் போடவா?"

சிரிப்பு எழுந்தது. நான் குனிந்து போல்ட்டுகளைத் தேடினேன். அப்போது பூசாரி வந்து நின்றார். அவர் சிரிக்கவில்லை.

"இன்னாம்மா இது? முழுக் கப்பலு வருதுன்னு பாத்தா, துண்டா எடுத்தாந்திருக்கீங்க. பின்னமான பொருளை ஆத்தாளுக்கு வெக்கலாமா? ஊருக்கு ஆவாதே."

சிரிப்பு நின்றது. நானும் முடிந்தது என்று நினைத்தேன். காலையில் கொட்டகையில் அவள் கேட்டதைத்தான் இவரும் கேட்கிறார். அவளும் ஆமாம் என்றால் அத்தோடு சாக்கைக் கட்ட வேண்டியதுதான். அவள் முன் துண்டை முந்தானையிலிருந்து எடுக்காமலே பேசினாள்.

"ஏன் மாமா, போன வைகாசியில உங்க பொண்ணு மணவறையில உக்காந்துச்சே, அது எப்பிடி வந்துச்சு? மண்டபத்துலயே மொளைச்சதா?"

"அது வேற…"

"பதினெட்டு துண்டு. சாக்குல கட்டி டெம்போல வந்துது. எங்க ஊட்டுக்காருதான் பூட்டுனாரு. அது மேல உக்காந்து கட்டுன தாலி பின்னமாப் போச்சா? உங்க பொண்ணு இப்ப முழுவாம இருக்குதுன்னு கேள்விப்பட்டேன்."

கூட்டத்தில் ஒரு கிழவி "அதானே!" என்றாள். பூசாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி சரி, ஜல்தி பூட்டச் சொல்லு. ஆத்தா எறங்கற நேரம் ஆயிப்போச்சு" என்று நகர்ந்தார்.

அவள் முன் துண்டை என்னிடம் நீட்டினாள். பம்பை அடிக்கத் தொடங்கியிருந்தது. வியர்வையில் நட்டு வழுக்கியது. மச்சான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு "ஆச்சா, ஆச்சா" என்றார். முதலில் பின் துண்டைப் பூட்டினேன். மணல் பைகளைப் பரப்பினேன். முன் துண்டைச் சேர்த்து முடுக்கினேன். தொளதொளவென்று கிடந்த காப்பை அவள் பழையபடி பட்டையின் மேலே ஏற்றிவிட்டாள். கொட்டகையாக இருந்தால் தாளை விரித்து, தொட்டியில் விட்டு, பீடி ஒன்று குடித்துவிட்டு வந்து பார்த்திருப்பேன். இங்கே தாளும் இல்லை, தொட்டியும் இல்லை. ஆத்தாளைத் தெப்பத்தில் ஏற்றிவிட்டார்கள்.

தெப்பத்தின் பின்னால் கயிற்றில் கப்பலைக் கட்டி, நானும் மச்சானும் படியில் இறங்கித் தண்ணீரில் விட்டோம். நிமிர்ந்து நின்றது. "ஓ" என்று சத்தம் எழுந்தது. கரையிலிருந்து ஆட்கள் வடத்தைப் பிடித்து இழுக்க, தெப்பம் நகர்ந்தது, கப்பல் பின்னாலேயே போனது. பீரங்கியும் ரேடாருமாக அந்தக் குளத்தில் அது உண்மையிலேயே எங்கேயோ போகிற கப்பலைப் போலத்தான் இருந்தது. அவள் கைகூப்பி நின்றாள். முதல் சுற்று முடிந்தது.

இரண்டாவது சுற்றில் எங்கள் பக்கம் திரும்பியபோது பார்த்தேன். அடிப்பக்கம் நான் பூசியிருந்த அரக்கு வண்ணம் பின்னால் தெரிந்தது, முன்னால் தெரியவில்லை. மூக்கு இறங்கியிருந்தது. மற்றவர்களுக்கு அது தெரிந்திருக்காது. எனக்குத் தாளின் மூலை நனைந்ததைப் பார்த்ததுபோல இருந்தது. முன் இணைப்பில் தண்ணீர் வருகிறது. உள்ளே தடுப்பு இல்லை. கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் அத்தனையும் முன்பக்கம் ஓடும். ஓடினால் மூக்கு இன்னும் இறங்கும். மூன்றாவது சுற்று முடிகிறவரை தாங்காது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். படி முடிந்ததும் சேறு. தண்ணீர் இடுப்புக்கு வந்தது, பிறகு நெஞ்சுக்கு வந்தது. தை மாதத் தண்ணீர், உடம்பு உதறியது. கரையில் இருந்த அத்தனை சனமும் என்னைத்தான் பார்க்கிறது என்று தெரிந்தது. நான் யாரையும் பார்க்கவில்லை. கப்பலின் பக்கத்தில் போய், இடது கையைத் தண்ணீருக்குள் விட்டு, முன் இணைப்புக்கு அடியில் உள்ளங்கையை வைத்துத் தாங்கினேன். மூக்கு மேலே வந்தது. அப்படியே கூட நடந்தேன்.

"மாப்ள! உட்ருங்க, அது பாட்டுக்கு மெதக்குது!" மச்சான் கரையிலிருந்து கத்தினார்.

நான் விடவில்லை. விட்டால் என்ன ஆகும் என்று கத்திச் சொல்லவும் முடியாது. "அவுரு கூட நடக்கறதா வேண்டிக்கினு இருப்பாரு" என்று யாரோ சொன்னார்கள். உடனே ஒரு பெண் குலவை போட்டாள். என்மேல் பொரியும் பூவும் வந்து விழுந்தன. என் கையில் கனம் ஏறிக்கொண்டே போனது. சேற்றில் கால் புதைந்து ஒருமுறை தடுமாறினேன். கப்பல் ஆடியது, கரையே ஒருமுறை மூச்சை இழுத்தது.

எதிர்ப்பக்கம் தண்ணீர் கலங்கும் சத்தம் கேட்டது. அவள் புடவையோடு இறங்கி வந்துகொண்டிருந்தாள். நெஞ்சுக்குக் கீழே எதுவும் தெரியாத தண்ணீர் அது. ஆனாலும் என் தோள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை வைத்தே கண்டுபிடித்திருக்கிறாள். கப்பலுக்கு அந்தப்பக்கம் வந்து, தன் கையையும் அடியில் விட்டாள். அவள் விரல்கள் என் விரல்மேல் பட்டன. ஜில்லென்று இருந்தன.

"பூந்துடுச்சா?" உதடு அசையாமல் கேட்டாள்.

தலையை ஆட்டினேன்.

"உடாதீங்க" என்றாள். அவ்வளவுதான்.

மூன்றாவது சுற்று நீளமாக இருந்தது. தெப்பம் திரும்புகிற ஒவ்வொரு மூலையிலும் கயிறு வெட்டி இழுத்தது. அவளுக்குத் தண்ணீர் முகவாய்வரை வந்த இடமும் உண்டு. கடைசியில் தெப்பம் படித்துறையில் முட்டி நின்றது, கற்பூரம் காட்டினார்கள், சாமியை இறக்கினார்கள். கப்பல் அதுவரைக்கும் மூக்கு நிமிர்ந்தே இருந்தது.

மச்சானும் இன்னும் இரண்டு பேரும் கப்பலைத் தூக்க வந்தார்கள். முன்பக்கம் கைகொடுத்த மச்சான் பாதித் தூக்கில் நிறுத்திவிட்டார்.

"இன்னா மாப்ள இது? எறக்கையில இம்மாங் கனம் இல்லியே!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்வதா, எதையாவது சொல்வதா என்று தெரியவில்லை. நனைந்த தலையைப் பின்னால் தள்ளிவிட்டு அவள் சொன்னாள்.

"ஆத்தா ஏறி உக்காந்துகினு வந்திருக்கா, கனக்காதா? பேசாம தூக்குண்ணே."

மச்சான் கன்னத்தில் போட்டுக்கொண்டு தூக்கினார்.

கோயில் பின்பக்கம், மடைப்பள்ளிச் சுவருக்கு மறைவில், நாங்கள் இருவர் மட்டும் மேல்தட்டைத் திறந்தோம். உள்ளே மணல் பைகள் முழுக்க நனைந்து கிடந்தன. முன் துண்டைக் கழற்றினேன். தண்ணீர் கொட்டியது. காப்புக்குத் தண்ணீர் பட்டுவிட்டதால் அதை அவளே அறுத்தாள். காலையில் தெறித்த அந்த ஒற்றை இழை மட்டும் கயிற்றோடு வராமல் எங்கேயோ பிடித்து இழுத்தது. பார்த்தோம். நான் முடுக்கும்போது அது ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவில் சிக்கியிருக்கிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, அந்த மஞ்சள் நூல் குளத்துத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அவள் அந்த நூலையே வெகுநேரம் பார்த்தாள். காலையில் பேசியதற்கு நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. பட்டை இழுத்து மறைத்தவன் நான், அதன்மேல் கட்டியவள் அவள்.

"முழுவலையே" என்றாள் கடைசியில். மூழ்கவில்லையே என்பதைக் கேள்வியாகக் கேட்டாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா என்று தெரியவில்லை.

"முழுவல" என்றேன்.

ஆனாலும் அவள் மனசு ஆறவில்லை என்பது விழுப்புரத்துக்கு வந்த பிறகு தெரிந்தது. தானாக மிதந்ததும், இரண்டு பேர் தாங்கி மிதந்ததும் ஒன்றா என்பதுதான் அவள் கவலை. வாய்விட்டுக் கேட்கவில்லை. சோற்றில் கைவைத்தபடி உட்கார்ந்திருப்பாள். நானும் மணவறை பூட்டும்போது ஒரு போல்ட்டை இரண்டு முறை முடுக்கினேன். சில நாள் கழித்து, நான் ஒரு மண்டபத்தில் ஏணிமேல் நிற்கும்போது போன் அடித்தது. சத்தம் புதிதாக இருந்ததால் வேறு யாருடையதோ என்று விட்டுவிட்டேன். மறுபடி அடித்தது.

"அப்பா, சாப்ட்டியா?" என்றான். கரைக்கு வந்துவிட்டார்களாம். அம்மாவுக்கு அடித்தானாம், அவள் எடுத்ததும் ஒன்றும் பேசாமல் அழுதுகொண்டே இருக்கிறாளாம். "இன்னாச்சுப்பா அம்மாவுக்கு?"

"ஒண்ணுமில்ல. நீ எப்பிடி இருக்க?"

"நல்லாத்தான் இருக்கேன்."

நாங்கள் இருவரும் பேசினால் அவ்வளவுதான். ஏணியிலிருந்து இறங்கி, மேடையின் பின்பக்கமாகப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

கப்பல் இப்போது அந்தக் கோயிலின் முன் மண்டபத்தில், சூலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரேடார் வடிகட்டியை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் இன்னும் கடலில்தான் வேலை செய்கிறான். அதனால் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் நாங்கள் போகிறோம், கப்பல் ஆத்தாளின் பின்னால் மூன்று சுற்று வருகிறது. வாய்களை நான் பிறகு பலகை வைத்து அடைத்துவிட்டேன். ஒரு துண்டில் தண்ணீர் புகுந்தாலும் அடுத்த துண்டுக்குப் போகாது. ஆனாலும் மூன்று சுற்றும் முடிகிறவரை படியில் வேட்டியை மடித்துக் கட்டியே நிற்கிறேன்.

காப்பு கட்டும்போது மட்டும் அவள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். நான் நடுத் துண்டைத் தொட்டுக் காட்டுகிறேன். அங்கே கட்டுகிறாள்.